முப்பது டிகிரி

ஜூன் 3

இன்ஜினியரம்மாவுக்கு,

பாய்லர்காரர் எழுதுவது. நான் சுகம், நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். இது என் கையாலேயே எழுதும் கடிதம். இந்தப் பக்கம் முடிய இரண்டு நாள் ஆனது. சிரிக்கலாம், நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு, நம் மருந்து ஆலைக் கேண்டீனில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். இப்போது கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறேன். போன வாரம் பாய்லர் ஷெட்டின் பழைய பதிவேடு கிடைத்தது. அதில் நீங்கள் எழுதியிருந்தீர்கள்: "மருந்துத் தொட்டியில் இருப்பது ஈஸ்ட் என்ற உயிருள்ள நுண்ணுயிர். வேலை செய்வது அதுதான். முப்பது டிகிரியிலேயே இருக்கட்டும். சூடு ஏறினால் செத்துவிடும். நீராவி வால்வைத் தொட வேண்டாம்." கீழே என் கைநாட்டு.

அமிலத்தையும் உலோகத் தூளையும் கொதிக்கவைத்தே மருந்து செய்து பழகியவன் நான். உங்கள் தொட்டியைத் தொட்டால் வெதுவெதுப்புக்கூட இல்லை. "பாவம், பொண்ணு சூடு வைக்க மறந்துட்டா" என்று வால்வைத் திறந்துவிட்டேன். உங்கள் எட்டு மாத உழைப்பு வெந்துபோனது.

விசாரணையில் நீங்கள், "நான் அவர்கிட்ட சொல்லல, தப்பு என்னுது" என்றீர்கள். அதன்பிறகு யாரும் பதிவேட்டைத் திறக்கவில்லை. என் வேலை தப்பியது. உங்களை வேறு ஊர்க் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்காக ஏன் அம்மா பொய் சொன்னீர்கள்? இவ்வளவு நன்றியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அன்புடன்,
பாய்லர்காரர்

ஜூன் 14

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எழுத்து என்னுடையதைவிட அழகு.

நான் பொய் சொல்லவில்லை. பதிவேட்டை நீட்டினேன், நீங்கள் கைநாட்டு வைத்தீர்கள். அதைப் பார்த்த பிறகும் எழுதியதை வாசித்துக் காட்ட எனக்குத் தோன்றவில்லை. ஆக, சொல்லவில்லை என்பது உண்மைதானே?

பதிவேட்டை மூடி வையுங்கள். ஓய்வுபெற உங்களுக்கு இன்னும் நான்கே மாதம்.

உங்கள்
இன்ஜினியரம்மா

ஜூன் 27

அம்மா,

உங்கள் பேச்சை நான் கேட்கவில்லை, கோபிக்காதீர்கள். மேனேஜர் முன்னால் நின்று அந்தப் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. முடித்ததும், "படிக்கத் தெரியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பெரியவரே?" என்றார்.

"வெக்கமா இருந்துச்சு சார்" என்றேன்.

தொட்டியை மறுபடி ஓட்ட உங்களைத் திரும்ப அழைக்கும் உத்தரவு நேற்று கிளம்பிவிட்டது. என்னை நான்கு மாதம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அது முறைதான். உங்களுக்கு நான் பட்ட கடனுக்கு இது ஒரு துளிகூட ஈடாகாது.

தொட்டி ஓடத் தொடங்கியதும் என்னைக் கூப்பிடுங்கள். அத்தனை நெருப்பு செய்த வேலையை, கண்ணுக்குத் தெரியாத அந்தக் குட்டி உயிர்கள் எப்படிச் செய்கின்றன என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். எனக்கு இனி எந்த அவசரமும் இல்லை.

அன்புடன்,
பாய்லரை விட்டுவிட்டவர்