சோக்கை இழுத்தால் ஓடும்

ஜூன் 16, திங்கள்
விடாத மழை. சாந்தியைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தேன். இரத்தச் சுத்திகரிப்பு. திங்களும் வியாழனும் இதே பாடு. போகும்போது இறக்கம், கார் ஒழுங்கு. தெல்தோட்டைக்குத் திரும்பும்போது கலஹா ஏற்றத்தில் மூன்று முறை நின்றது. மிதித்தால் இழுவை இல்லை, கார்புரேட்டரில் பட் பட்டென்று வெடி. காலைக் குளிரில் கிளப்ப மட்டும் இழுக்கும் சோக்கைப் பாதி இழுத்தால் ஓடுகிறது. என்னைவிடப் பத்து வயது இளைய கார். சூடேறிய பிறகும் சோக் கேட்கிறது.

பின் சீட்டில் படுத்திருந்தவள் மூன்றாம் முறை நின்றபோது சொன்னாள்: "காருக்கும் முடியல, எனக்கும் முடியல. வியாழக்கெழம நான் வரலங்க."

சோக்கை இழுத்து மறுபடி கிளப்பினேன். பஸ்ஸில் முடியாது, போன மாதம் மயங்கி விழுந்தாள். போகாவிட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். பயமாக இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்
தோட்ட ஆபீசில் கிளார்க் வேலையோடு தலைவலி. பேராதனை மெக்கானிக் சிறிபால பாஸுக்குப் போன். காரின் கதையெல்லாம் கேட்டுவிட்டு, "கிளாக்கர் மாத்தயா, ஹுலங் அதினவா" என்றார். ஹுலங் என்றால் காற்று, அவ்வளவு சிங்களம் தெரியும். பெட்ரோல் ஷெட்டுக்குப் போய் நாலு டயருக்கும் காற்று அடித்தேன். ஸ்பேர் வீலுக்கும்.
வரும்போது மறுபடி பட் பட்.
வாங்க: பால்மா, சாந்தி மாத்திரை, டோர்ச் பெட்டரி.
அவள் சாப்பிடவில்லை. வியாழனைப் பற்றி நானும் கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்
லீவு. காரோடு பாஸிடம். டயர் விஷயம் சொன்னதும் அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "டயர்ல இல்ல மாத்தயா. என்ஜின் காத்து இழுக்குது. பெட்ரோல் கொஞ்சம், காத்து கூட."

பிளக் நாலும் திருநீறு பூசின மாதிரி வெள்ளை, பெட்ரோல் போதவில்லையாம். என்ஜினை ஓடவிட்டு, குழாய்கள் மேல் கிளீனர் அடித்துக்கொண்டே போனார். ஒரு ரப்பர் குழாயில் அடித்தபோது சத்தம் மாறியது. அங்கே வெடிப்பு. மாற்றினோம். ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தால் பாதிதான் சரி.

கார்புரேட்டரைப் பிரித்தார். பெட்ரோல் வரும் ஜெட் துளையிலிருந்து தலைமயிர் போல ஒரு செம்புக் கம்பி. என் கையில் வைத்தார். "யாரு போட்டது?"

நான்தான். பெட்ரோல் தட்டுப்பாட்டு வரிசைக் காலத்தில், துளையை ஒடுக்கினால் கிடைத்தது இன்னும் நாலு நாள் வரும் என்று. வரிசையில் நின்ற ஒருவர் சொல்லித்தந்த வித்தை. அப்போது சாந்தி நன்றாக இருந்தாள், கார் கடைத்தெருவோடு சரி. பிறகு மறந்தே போனேன். பாஸிடம் தெரியாது என்றேன். வெட்கம்.

வீட்டில் கம்பியைக் காட்டினேன். "நான்தானே பழைய ரேடியோ வயர பல்லால உரிச்சுத் தந்தேன்" என்றாள். சிரித்தாள். எத்தனை வாரத்துக்குப் பிறகு. நாளைக்கு வருவாயா என்றேன்.
"பாப்போம்."

ஜூன் 19, வியாழன்
காலையில் நான் கேட்காமலே சேலை மாற்றிக்கொண்டு வந்து காரில் ஏறினாள்.
திரும்பும்போது மூடுபனி. கலஹா ஏற்றம். சோக்கைத் தொடவில்லை. எங்கும் நிற்கவில்லை. பின்னால் தூங்குகிறாள் என்று நினைத்தேன்.
"திங்கக்கெழம எத்தன மணிக்குக் கெளம்பணும்?"
"அஞ்சுக்கு."
"நாலரைக்கே போவோம். ஜன்னலோரக் கட்டில் கெடைக்கும்."