காலை ஆறு மணி வகுப்பு

அண்ணாச்சி,

மேசையில் ஒரு நேர அட்டவணை கிடக்கிறது. கோடைப் பயிற்சிக்காக இளைய டாக்டர்கள் தயாரித்தது. ஓய்வு பெற்ற பிறகும் இப்படி எதையாவது என் பார்வைக்கு அனுப்புகிறார்கள். முதல் வகுப்பு காலை ஆறு மணி என்று போட்டிருக்கிறது. அதைப் படித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எதுவும் எழுத வராது. ஆகவே:

1. சிவகாசியில் நடந்த முதல் கோடை வகுப்பு.
2. உங்கள் தம்பி எரிந்த நாள்.
3. வகுப்பு நேரத்தை மாற்றப் பெரிய டாக்டர் மறுத்தது.
4. நீங்கள் என்னை அடித்ததும், பிறகு தேடி வந்ததும்.

அறுபதுகளின் தொடக்கம். தீக்காயங்களை ஆராயப் பெரிய டாக்டர் தலைமையில் சென்னையிலிருந்து வந்த குழுவில் நான்தான் இளையவன். பட்டாசுக் கம்பெனி போர்மேன்களுக்கு மே மாதத்தில் பத்து நாள், காலை ஆறு முதல் பத்து வரை வகுப்பு. வராதவர்களின் பெயர் முதலாளிக்குப் போகும் என்று அறிவித்திருந்தோம். நீங்கள் விஸ்வநத்தத்திலிருந்து சைக்கிளில் வந்து முன்வரிசையில் உட்காருவீர்கள். தீப்பட்டவனின் சட்டையை இழுக்காதே, தண்ணீர் ஊற்று என்று நான் கரும்பலகையில் எழுதினேன். "எழுத்து முத்து முத்தா இருக்கு சார். எரியிறவன் நின்னு வாசிக்கவா போறான்?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

இரண்டாம் நாள் என்னைத் தனியே அழைத்தீர்கள். வெடிமருந்து கலப்பது விடியற்காலை வேலை, வெயில் ஏறிவிட்டால் அது சிறு உரசலைக்கூடத் தாங்காது, போர்மேன் இல்லாமல் கலக்கவும் கூடாது என்று பொறுமையாகச் சொன்னீர்கள். எங்களை ஆறு மணிக்கு இங்கே உட்காரவைத்தால் அங்கே கலவை உச்சி வெயிலுக்குத் தள்ளிப்போகும் என்றீர்கள்.

"பெரியவருகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க சார். சாயங்காலம் வச்சா நாங்க வராமலா இருப்போம்?"

கேட்கிறேன் என்றேன். மறுநாள், நேரத்தை மாற்ற முடியாதாம் என்று வந்து சொன்னேன். நீங்கள் சைக்கிளை எடுத்தீர்கள்.

ஐந்தாம் நாள் வகுப்பு முடிந்து நீங்கள் கம்பெனிக்குப் போனபோது பத்தரை மணி. அன்றே லோடு ஏற வேண்டும் என்று முதலாளி நின்றிருக்கிறார். அங்கேயே வேலை பார்த்த உங்கள் தம்பி மருந்தைச் சலிக்கத் தொடங்கினான். நீங்கள் தண்ணீர் வாளி எடுக்க வெளியே வந்த நேரம். வெடித்த சத்தத்தில் எங்கள் ஜன்னல் கண்ணாடி உதிர்ந்தது.

அவனை லாரியில் எங்களிடம் கொண்டுவந்தீர்கள். கூரைத் தகடு அவன் வயிற்றைக் கிழித்திருந்தது. முகம் கரிந்து, உதடு இருந்த இடத்தில் பல் தெரிந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன், தோல் உறைபோலக் கழன்று என் விரல்களோடு வந்தது. சட்டையை இழுக்காதே என்று எழுதிப்போட்டவன், பதற்றத்தில் இழுத்தேன். துணியோடு சதையும் வந்தது. அவன் கத்தவில்லை. "அண்ணே, குளுருது" என்றான். பிறகு பேசவில்லை.

நீங்கள் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினீர்கள். தம்பியை இழுத்து வந்ததில் உங்கள் கைகளும் வெந்திருந்தன. அந்தக் கைகளாலேயே அறைந்தீர்கள்.

"நேரம் குறிச்சவன் நீதானலே? ஆறு மணிக்குக் கலந்திருந்தா அவன் உசுரோட இருப்பாம்லே."

முன்பல் ஒன்று உடைந்தது. இரண்டு பேர் பிடித்து இழுத்தும் நீங்கள் விடவில்லை. என் கன்னத்தில் இருந்த ரத்தம் உங்களுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கட்டுப்போட்ட கையோடு என் அறைக்கு வந்தீர்கள். "கை நீட்டிட்டேன் சார், மனசுல வச்சுக்கிடாதீக. நீங்க கேக்கத்தானே செஞ்சீக. மேல உள்ளவுக ஒத்துக்கிடலைன்னா நீங்க என்ன செய்வீக?" நான் தலையை ஆட்டினேன். தம்ளரைப் பிடிக்க உங்களால் முடியவில்லை. காபியை ஆற்றி நானே உங்கள் வாயில் வைத்தேன். நம் நட்பு அன்று தொடங்கியது.

பிறகு, குழுவை அனுப்பிய ஆய்வு நிலையத்துக்கே தலைவரானேன். எந்த ஊரில் பயிற்சி வைத்தாலும், வேலை செய்கிறவர்களிடம் அவர்களுடைய நேரத்தைக் கேட்ட பிறகுதான் அட்டவணை போட்டேன். இன்று வந்த தாளிலும் அதைத்தான் கேட்டு எழுதப் போகிறேன். அந்த வழக்கத்துக்காக என்னைப் பாராட்டிய கூட்டத்தில் நீங்கள் எழுந்து, "எங்க சார் அன்னைக்கே எங்களுக்காகப் பேசுனவுக" என்றீர்கள். கை தட்டினார்கள். நான் கும்பிட்டேன்.

அண்ணாச்சி, மூன்றாவதாக நான் எழுதியது தவறு. பெரிய டாக்டர் மறுக்கவில்லை. அவர் அறை வாசல்வரை இரண்டு முறை போனேன். அவர் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். கூப்பிடப் பயந்து திரும்பிவிட்டேன். நான் கேட்கவே இல்லை.