ஜெறோம் மாமா வீட்டுக்கும் ஒரு வாளி கஞ்சி

இயேசு மரி சூசை துணை

கொழும்புத்துறை,
உயிர்த்த ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள றஜிந்தன் அண்ணைக்கு,

அம்மா சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கினேன், அவ களைத்துப் படுத்துவிட்டதால் மிச்சத்தை நானே எழுதுகிறேன். அவவின் முழங்கால் வீக்கத்தைத் தவிர எங்கள் மூவருக்கும் மாதா புண்ணியத்தில் குறையில்லை, பாரிஸ் குளிரில் உங்களுக்கும் அந்த இருமல் திரும்பி வராமல் இருக்கட்டும். போனில் சொன்னால் நீங்கள் சத்தம் போடுவீர்கள், எனக்குப் பேச்சு நின்றுவிடும். அதனால்தான் விடுமுறைக்கு வந்து திரும்பும் தர்சினி அக்காவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை, பிழை பொறுக்கவும்.

நீங்கள் சுகமாய்ப் போய்ச் சேர்ந்தால் பெரிய வெள்ளி தோறும் எங்கள் ஒழுங்கையில் இந்த முனை முதல் அந்த முனை வரை ஒரு வீடும் விடாமல் கஞ்சி கொடுப்பதாக அம்மா நேர்ந்தது தெரியும்தானே. ஆனால் ஜெறோம் மாமா வீட்டுக்கு ஒருபோதும் கொடுத்ததில்லை. எங்கள் வலையை வெட்டினார் என்று நீங்கள் அவரைத் துடுப்பால் அடித்துக் கையை முறித்த பிறகு, எங்கள் வீட்டு ஆள் தன் படலையைத் திறந்து உள்ளே வந்தால் வெட்டுவேன் என்று அவர் சத்தியம் செய்திருக்கிறாரே. அவருடைய படலை கடற்கரைப் பக்கம், அது எங்கள் ஒழுங்கை இல்லை என்று அம்மா தனக்குள் ஒரு கணக்குச் சொல்லிக்கொள்வா. இந்த முறை சிலுவைப்பாதையின் ஒரு நிலையை அந்தப் படலையடியில்தான் வைத்தார்கள். அம்மா எல்லோரோடும் அந்த மண்ணில் முழந்தாளிட்டா. வீட்டுக்கு வந்து கஞ்சிப் பானையைத் திறந்தவ, "அது எங்கடை ஒழுங்கைதான் பிள்ளை. ஆண்டவரோடை சட்டம் கதைக்கேலாது" என்று வாளியை நிரப்பி என்னிடம் நீட்டினா. அப்பா, "விசரே உனக்கு, இவளை வெட்டினா என்ன செய்வாய்?" என்று கத்தினார். "பயமெண்டா நீ நில், நான் போறன்" என்று என்னிடம் சொல்லி அம்மா சுவரைப் பிடித்து எழும்பினா, கால் ஊன்ற முடியவில்லை. நான் வாளியை வாங்கினேன்.

அண்ணை, ஜெறோம் மாமாவை விட எனக்கு அப்பாவை நினைத்துத்தான் கூடப் பயம். எங்கள் படலையில் சேட்டும் போடாமல் வெறும் மேலோடு நின்றார், அங்கே ஒரு சத்தம் கேட்டால் கத்தியோடு ஓடி வந்திருப்பார். அதனால் நான் அழவும் கூடாது. நான் படலையைத் திறந்து உள்ளே போனதை ஜெறோம் மாமா முற்றத்தில் இருந்து பார்த்தார். "கொண்ணனுக்குக் கை நீளம், உனக்கு வாய் கட்டையோ? நஞ்சு கிஞ்சு கலந்தோ கொண்டு வந்தனி?" என்றார். என்ன செய்கிறேன் என்று தெரியாமல் சிரட்டையால் அள்ளி நானே குடித்துவிட்டேன், நாக்கு வெந்துபோயிற்று. உள்ளேயிருந்து றெஜினா மாமி, "பிள்ளை கொதிக்கக் கொதிக்கக் குடிக்குது, வாங்குங்கோவன் மனுசன்" என்று ஓடி வந்தா. அவர் இடக்கையால்தான் வாங்கினார், வலக்கை இன்னும் மடங்குவதில்லை. குடிக்கவில்லை. "நேர்ந்தது கொம்மா, கொண்டு வந்தது நீ. அடிச்சவன் எங்கை? அவன்ரை வாயாலை ஒரு சொல்லு வரட்டும்" என்று சொல்லி வாளியைத் திண்ணமாகத் தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

இன்று பூசையில் அவர் அப்பாவுக்குப் பக்கத்து வரிசையில் நின்றார். சமாதானம் சொல்லும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக் கை கூப்பவில்லை. நீங்கள் திரும்பி வரும் நாளை நினைத்தால் இன்னும் பயமாயிருக்கிறது. அம்மா உங்களுக்குச் சொல்லச் சொன்னது இதுதான்: "எங்களுக்கு விட்டதை நாங்கள் செய்தம். கொண்ணனுக்கு விட்டதை அவன் செய்யட்டும்."

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், செபமாலையை விடாதீர்கள். அம்மாவும் அப்பாவும் உங்கள் நெற்றியில் சிலுவை போடுகிறார்கள். றெஜினா மாமியின் போன் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எனக்குப் பயம் போகவில்லை அண்ணை, பயத்தோடேதான் போனேன். நீங்களும் பயத்தோடேயே ஜெறோம் மாமாவுக்குப் போன் எடுங்கள்.

உங்கள் தங்கச்சி,
லவீனா