ஒன்பதாவது ஷரத்து

புளோரன்ஸ், 1857 நவம்பர் 9

இன்றும் ஒரு மூக்கு கெட்டது. அமெரிக்காவில், வெர்மான்ட்டில் பதினொரு வருஷம் வக்கீலாக இருந்து கட்சிக்காரர்களைக் கெடுத்தேன். இங்கே சிற்பியாகி மூக்குகளைக் கெடுக்கிறேன். மூக்கு அப்பீலுக்குப் போகாது, அந்த மட்டும் நிம்மதி.

பிராவிடன்ஸ் ஊர் பெக்கம் தம்பதியின் வேலை. இறந்துபோன அவர்கள் மகள் அடலைன், ஏழு வயசு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் பளிங்கில் வேண்டுமாம். அனுப்பியிருப்பது உள்ளங்கை அளவு வெள்ளித்தகட்டுப் படம் ஒன்று. அதுவும் சவப்பெட்டியில் வைத்து எடுத்தது. கண் மூடியிருக்கிறது. திறந்த கண்ணோடு செய்யச் சொல்கிறார்கள். கண்ணுக்கு எங்கே போவேன்?

நவம்பர் 12

லெட்டியை உட்கார வைத்துவிட்டேன். என் மகளுக்கும் ஏழுதான்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்கப்பா?"

"ஆண்டவர்கிட்ட."

"அப்ப அவரையே கேட்டு மூக்கைச் செய்யலாமே. உங்களுக்கு ஏன் இந்தக் கஷ்டம்?"

அவள் அம்மா கெசியாவின் வாய் அப்படியே. பிறகு லெட்டி நாற்காலியை வெயிலில் போடச் சொன்னாள். வெயில் நகர்ந்தால் நிழலும் நகரும், மணிக்கொரு முகமாகிவிடும். எனக்கு வடக்கு வெளிச்சம்தான் வேண்டும் என்றேன். பட்டறையின் தெற்கு ஜன்னலைப் பலகை அடித்து மூடியவனே நான்தான்.

நவம்பர் 20

நான் களிமண்ணில் செய்வேன். அதைச் சாந்தில் வார்ப்போம். வார்ப்பை அளந்து பார்த்துக் கல்தச்சர் ஒரெஸ்தே பளிங்கில் வெட்டுவார். கீழே என் பெயரை மட்டும் நான் வெட்டுவேன், அதையும் அவர் திருத்துவார்.

இன்று அவருக்கு பெக்கம் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டினேன். ஒரே சிலையை நாலு வீட்டுக்கு விற்கிற சிற்பிகள் உண்டு என்று பெக்கத்துக்குப் பயம். அதற்காகவே ஒன்பதாவது ஷரத்து போட்டேன்: பளிங்கு முடிந்ததும், வாங்குபவரின் ஆள் முன்னிலையில், சிற்பி தன் கையாலேயே வார்ப்பை உடைத்துவிட வேண்டும்.

ஒரெஸ்தே உளியைத் தீட்டிக்கொண்டே, "வக்கீலய்யா, சிலையைவிட இது உறுதியா இருக்கும் போலிருக்கே" என்றார்.

சிரித்தேன். என் ஆயுளில் ஓட்டை இல்லாமல் எழுதிய பத்திரம் இது ஒன்றுதான்.

டிசம்பர் 3

கெசியா பட்டறைக்கு வந்தாள். களிமண்ணை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது லெட்டிங்க."

"கொஞ்சம் சாயல்."

"சாயலா? காதுக்குக் கீழ இருக்கிற குழியைக்கூட விடல. அவங்க புள்ளைக்கு இது இருந்துச்சா?"

"படத்துல அந்தப் பக்கம் தெரியல."

வக்கீல் பதில். நாளைக்கு மாற்ற வேண்டும்.

டிசம்பர் 4

மாற்றவில்லை. என் கையில் ஒழுங்காக வந்த முதல் முகம் இது.

டிசம்பர் 15

கை விரல்கள்தான் பாக்கி. களிமண் காயாமல் இருக்க ஈரத்துணி சுற்றியே கிடக்கிறது. அடுப்பு மூட்டினால் மண் வெடித்துவிடும். லெட்டி மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தாள். "விரல் நீலமாயிடுச்சுப்பா. அடலைன் விரலும் இப்படித்தானா?" என்றாள். பேசாதே, வாய் கோணும் என்றேன்.

டிசம்பர் 18

சாந்து வார்த்தாயிற்று. நன்றாக வந்திருக்கிறது. லெட்டிக்கு இருமல்.

டிசம்பர் 27

நுரையீரல் என்கிறார் டாக்டர். வீட்டில் குளிர் உண்டா என்று கேட்டார். வீட்டில் இல்லை என்றேன். கெசியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

1858 ஜனவரி 2

லெட்டி போய்விட்டாள். காலை பதினொரு மணிக்கு. வெளியே நல்ல வெயில்.

ஜனவரி 9

தெற்கு ஜன்னல் பலகைகளைப் பிடுங்கிவிட்டேன். எதுக்கு இப்ப? யாருக்கு?

மே 20

பளிங்கு முடிந்தது. ஒரெஸ்தே காதை மட்டும் நாலு நாள் வெட்டினார். கெசியா தினமும் காலையில் வந்து பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்கிறாள். பளிங்கின் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு பின்னுவதற்கு நூல் பிரிக்கிறாள்.

ஒரெஸ்தே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மூணு மாசம் குடுங்க. வார்ப்புதான் இருக்கே, இன்னொண்ணு வெட்டித் தர்றேன். கூலியப் பத்திப் பேசாதீங்க."

பெக்கம் அம்மாளின் அண்ணன் ஸ்டாட்டர்ட் நாலு நாளில் வருகிறார். சிலையைக் கப்பலேற்ற, வார்ப்பு உடைவதைப் பார்க்க.

"அவர்கிட்ட கேளுங்க," என்றாள் கெசியா. "யார் முகம்னு சொல்லுங்க. ஊரான் வழக்குக்கெல்லாம் பேசினீங்க. நமக்காக ஒரு தடவ பேசுங்க."

மே 24

பேச வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஸ்டாட்டர்ட் வாட்டசாட்டமான ஆள், பஞ்சு வியாபாரி. தொப்பியைக் கழற்றினார், சிலையைப் பார்த்தார், அங்கேயே நின்றுவிட்டார். "அடலைன்" என்றார். பிறகு கைக்குட்டையைத் தேடினார்.

"தங்கச்சி ஒரு வருஷமா அந்தப் படத்தைத் திறக்கிறதில்லங்க," என்றார். "மூடின கண்ண எத்தன நாள் பார்ப்பா? இது போனாத்தான் அவ சாப்பிடுவா."

என்ன சொல்வேன்? உங்க தங்கச்சி பொண்ணு இல்ல, எம்பொண்ணு — அதைச் சொல்லிட்டா அங்கே அவளுக்கு என்ன மிஞ்சும்? மூடின கண்தானே? வாயைத் திறந்தேன். ஒன்பதாவது ஷரத்து என்று மட்டும் வந்தது.

அவர் உடைக்க வேண்டாம் என்று சொல்வார் என ஒரு நிமிஷம் நம்பினேன். "ஆமாம், மச்சான் ரெண்டு தடவ சொல்லி அனுப்பினார்" என்றார்.

ஒரெஸ்தே சுத்தியலை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். கெசியா போகவில்லை. சாந்துதானே, நாலு அடியில் முடிந்துவிட்டது. முகத்தைக் கடைசியில் அடித்தேன்.

மே 25

சிலை போயிற்று. கெசியா முக்காலியை எடுத்து வந்து அடுக்களையில் வைத்தாள்.

அக்டோபர் 11

பெக்கம் அம்மாளின் கடிதம். 'எங்கள் அடலைனேதான். காலையில் எழுந்ததும் அவளோடு பேசுகிறேன். காதுக்குக் கீழே இருந்த அந்தக் குழியை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எனக்கே மறந்துபோயிருந்தது.'

கெசியா இரண்டு முறை படித்தாள். மே மாதத்துக்குப் பிறகு சோறு, விறகு தவிர வேறெதுவும் என்னோடு பேசாதவள்.

"பதில் எழுதப் போறீங்களா?"

"ம்."

"உண்மைய எழுதிடாதீங்க. அவளாவது வச்சுக்கட்டும்."

கடிதத்தை மடித்துக் கொடுத்தாள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"ஒண்ணு மட்டும் கேட்டு எழுதுங்க. அவள வச்சிருக்கிற ரூம்ல வெயில் வருமான்னு."