வழக்கை விடச் சொன்ன மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் முழங்காலைத் தவிர; அது தினமும் என்னோடு வழக்காடுகிறது. அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அந்த ஹெலிகாப்டர் வழக்கைச் சமரசமாக முடித்துவிடும்மா, வயசான காலத்தில் பெரிய கம்பெனியோடு உனக்கு எதற்கு மல்லுக்கட்டு என்று போன மாதம் போனில் சொன்னாய். நான் பட்டென்று போனை வைத்துவிட்டேன், கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். முப்பத்தோரு வருஷமாகக் கவிழ்ந்த கப்பலுக்கும் விழுந்த விமானத்துக்கும் கோர்ட் ஏறுகிறேன், எல்லாவற்றிலும் முதலில் பழி விழுவது செத்தவன் மேல்தான், அவன் எழுந்து வந்து மறுக்க மாட்டான் பார். இதிலும் எண்ணெய்க் கிணற்று வேலையாட்களோடு ஹெலிகாப்டர் கடலில் விழுந்து விமானியோடு சேர்த்து ஆறு பேர் போனார்கள், விமானியின் கவனக்குறைவு என்று கம்பெனி ஒரே வரியில் எழுதிவிட்டது. அந்த விமானியின் மனைவிதான் என் கட்சிக்காரி, கணக்கு டீச்சர். இறந்த ஒருவரின் மகள் அவள் வகுப்பிலேயே படிக்கிறாள், உங்க வீட்டுக்காரர்தானே எங்கப்பாவக் கொன்னாருன்னு எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாளாம். பழியை ஒத்துக்கொண்டால் பெரிய தொகை தருகிறோம் என்று கம்பெனி வந்தபோது, அந்தப் பொண்ணுக்கு நான் என்ன மேடம் பதில் சொல்றதுன்னு கேட்டாள் டீச்சர். அப்புறம் நான் எப்படியடா விடுவேன்?

செவ்வாய்க்கிழமை கம்பெனி மேனேஜரைக் குறுக்கு விசாரணை செய்தேன். மேடத்துக்கு மெஷின் பத்தி என்ன தெரியப்போகுதுன்னு எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தான், சிரிக்கட்டும் என்று விட்டேன். கிளம்பும் முன் கியர்பாக்ஸைச் சோதித்ததாகப் பராமரிப்புப் பதிவேட்டில் ஒரு பக்கத்தைக் காட்டினார்கள், கீழே மெக்கானிக்கின் கையெழுத்து. அதே மெக்கானிக் அன்றைக்குக் குடல்வால் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். எண்ணெய் ஒழுகுது, பறக்க விடாதீங்கன்னு அதற்கு முந்தின வாரமே சொன்னதற்காக விபத்துக்கு அப்புறம் வேலையை இழந்து, இப்போது மிக்ஸி பழுதுபார்க்கிறார். நாலு தடவை அவர் கடைக்கு நடந்தேன், ஐந்தாவது தடவை சாட்சி சொல்ல வருகிறேன் என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டி, வயித்துல தையலோட வந்து ஏணி ஏறினாரா சார்னு மேனேஜரைக் கேட்டேன். மனுஷன் தண்ணீர் கேட்டார்.

நேற்றுத் தீர்ப்பு. விமானியின் மேல் எந்தத் தவறும் இல்லை என்று நீதிபதியம்மா வாசித்தார். டீச்சர் அழவில்லை, எழுந்து நின்று, அந்த வரிய இன்னொரு தடவ படிங்கம்மா, எழுதிக்கிறேன்னு கேட்டாள். கோர்ட் ஊழியர் உட்காரச் சொன்னார். நீதிபதி அவரைக் கையமர்த்திவிட்டு, இந்தத் தடவை நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

மேல்முறையீடு செய்வார்களாம், செய்யட்டும், அதற்கும் நான்தான் போவேன். அப்பாவிடம் சொல்லித் தடுக்கப் பார்க்காதே. இவ கோர்ட்டுக்குப் போகலேன்னா நாள் முழுக்க என்கிட்டதான் வாதாடுவா, போகட்டும் என்கிறார், கறுப்பு அங்கிக்கு இஸ்திரி போடுவதும் அவர்தான். விடுமுறையில் வந்தால் ஒரு நாள் கோர்ட்டில் பின்வரிசையில் வந்து உட்கார், அப்புறம் வயதைப் பற்றிப் பேசலாம். குழந்தைக்கு என் முத்தம். மருமகளை அதிகம் வேலை வாங்காதே. மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும்.

ஓய்வு பெறும் உத்தேசமில்லாத
உன் அம்மா