இருநூறு தடவை மருந்து எங்கே போனது?

பிராங்க்ஸ்,
செப்டம்பர் 14, ஞாயிறு

அன்பு மகள் இவெலிஸுக்கு,

நீ ஆசி கேட்பதற்கு முன்பே தந்துவிடுகிறேன், கடவுள் உன்னைக் காக்கட்டும். யாரெலிஸ் நலம். பக்கத்தில் உட்கார்ந்து வாழைக்காய் வறுவல் தின்றுகொண்டிருக்கிறாள். இந்த இரண்டு வரியையும் இன்னொரு தடவை படித்துவிட்டு மற்றதைப் படி.

வியாழக்கிழமை இருந்தவர்கள் இவர்கள். நான். உன் மகள். உன் அப்பாவின் தங்கை ஹெர்மீனியா, அழைக்காமலே துவரைச் சோற்றுச் சட்டியோடு வந்தவள். இரண்டாம் மாடி வில்ஃப்ரெடோ. ஆம்புலன்ஸில் வந்த இரண்டு பெண்கள். ஒருத்தி பெயர் டெனிஸ், மற்றவள் பெயர் சொல்லவில்லை, இடது புருவத்தில் தழும்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒசேய். கழுத்தில் அட்டையும் கையில் நோட்டுமாக வந்த மிஸ் லொம்பார்தி. நடந்ததற்கு இவர்களில் ஒருவர்தான் காரணம் என்று அன்றைக்கே எனக்குப் பட்டுவிட்டது. யார் என்பதுதான் பிடிபடவில்லை. நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதே பிள்ளை இருமிக்கொண்டு வந்தாள். கீழே இருந்து வில்ஃப்ரெடோவின் சிகரெட் நாற்றம். போன வாரம் கட்டடக்காரன் அடித்த கரப்பான் மருந்தும் இன்னும் போகவில்லை. இருவரையும் மனதில் குறித்துக்கொண்டு, பிள்ளைக்கு மார்பில் தைலம் தேய்த்தேன். நாலு மணிக்கு விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தது. தன் பெயரையே ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை அவளுக்கு. நீல இன்ஹேலரைக் குழாயில் மாட்டி ஆறு தடவை அமுக்கினேன். புஸ் புஸ் என்று வந்தது, இளைப்பு மட்டும் இறங்கவில்லை. மறுபடியும் அமுக்கினேன்.

ஹெர்மீனியா தோளுக்குப் பின்னால் நின்று, “அண்ணி, அது காலி. பின்னால நம்பரப் பாருங்க, சைபர். வர்றது வெறும் காத்து” என்றாள். என் கல்யாணத்தில் பன்றிக்கறி வேகவில்லை என்று ஊர் முழுக்கச் சொன்னவள் அவள். “நீ எனக்குச் சொல்லித் தர வேண்டாம், சட்டியை வச்சுட்டுக் கெளம்பு” என்றேன். இன்னும் பத்து நிமிடம் அமுக்கினேன். பிறகு பிள்ளையின் நெஞ்சில் அந்த விசில் சத்தம் நின்றது. பார்த்தாயா, மருந்து கேட்டுவிட்டது என்று ஹெர்மீனியாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட் வழக்கம்போல ஓடவில்லை. கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் வில்ஃப்ரெடோ ஏறிவந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். பிள்ளையின் உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. வாசலிலேயே டெனிஸ் முகமூடியை மாட்டி மருந்துப் புகையைத் திறந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் பெயர்கூடக் கேட்காமல் உள்ளே கொண்டுபோனார்கள். ஆக்ஸிஜன், ஒன்று முடிய இன்னொன்று என்று மருந்துப் புகை, வாயில் ஒரு கசப்புத் திரவம், கை நரம்பில் ஊசி. டாக்டர் ஒசேய் சின்ன வயசுதான், ஆனால் எல்லாம் மளமளவென்று செய்தார். பிள்ளை கொஞ்சம் தெளிந்த பிறகு என்னிடம் வந்து, “சத்தம் நின்னதும் சரியாயிருச்சுன்னு நெனச்சீங்களாம்மா? காத்து உள்ளயே போகல, அதான் சத்தமில்ல. இன்னும் பத்து நிமிஷம் தாமதிச்சிருந்தா...” என்றார். உன் ராணுவப் பயிற்சி முகாமுக்குச் செய்தி அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஃபோனைப் பிடுங்கி வைத்திருக்கும் இடத்தில் நீ என்ன பாடு படுவாய் என்று எனக்குத் தெரியாதா?

அப்புறம்தான் குழந்தைகள் நலத்துறை மிஸ் லொம்பார்தி வந்தாள். சிரித்துச் சிரித்துக் கேட்கிறவளை நான் நம்புவதில்லை. இன்ஹேலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினாலு நாள் முன்னால் வாங்கியது, இருநூறு தடவைக்கு மருந்து, பிள்ளைக்கு அதில் முப்பது தேவைப்பட்டிருந்தாலே அதிகம், மீதி எங்கே போனது என்றாள். வீட்டில் மருந்துக்குப் பொறுப்பு யார் என்றாள். கேட்டுக் கேட்டு எழுதினாள். இந்தத் தெருவில் அந்த மாதிரி நோட்டு எந்தெந்தப் பிள்ளைகளைக் கொண்டுபோனது என்று நான் பெயரோடு சொல்வேன்.

நான் வாய் திறக்கும் முன்பே ஹெர்மீனியா சொன்னாள், “நாந்தாங்க. எனக்கும் இளைப்பு இருக்கு, இன்சூரன்ஸ் இல்ல. அண்ணிக்குத் தெரியாம பாத்ரூம்ல போய் இழுத்துக்கிட்டேன்.”

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா, இவெலிஸ்? பிள்ளை உள்ளே குழாயோடு கிடக்கிறாள், எனக்கோ ஜெயித்துவிட்டது போல இருந்தது. நம் வீட்டு பாத்ரூமில் அவள் அரை மணி நேரம் என்ன செய்கிறாள் என்று நான் எத்தனை நாள் யோசித்திருக்கிறேன்! வராந்தாவில் நிற்க வைத்துக் கேட்டேன். “புள்ள மூச்சத் திருடித் தின்னியே, நீ மனுஷியா? உங்கண்ணன் உசுரோட இருந்தா உன்ன வாசப்படி ஏற விடுவாரா?” அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். இனி இவளைப் பிள்ளையோடு தனியாக விடக்கூடாது என்று மிஸ் லொம்பார்தியும் எழுதிக்கொண்டாள். ஹெர்மீனியா தலையாட்டிவிட்டு பஸ் ஏறிப் போனாள்.

நேற்று பிள்ளை வீட்டுக்கு வந்தாள். புது இன்ஹேலர். போன குளிர்காலத்தில் கடைக்காரன் கொடுத்தது வாயடைத்துப்போய் மருந்தே வரவில்லையே, அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். அவன் போடும் நம்பரை நம்பாமல், மருந்து வருகிறதா என்று மூன்று வேளையும் நாலு நாலு தடவை ஜன்னல் பக்கம் அமுக்கிப் பார்த்துவிடுவேன். பிள்ளைக்கு வேண்டியபோது ஏமாந்துவிடக் கூடாதல்லவா? நேற்றும் அமுக்கினேன். உன் மகள் கட்டிலில் இருந்தபடியே, “பாட்டி, ஜன்னலுக்கும் இளைப்பா? தெனம் அதுக்கே நெறைய குடுக்குறீங்க” என்றாள்.

நம்பரைப் பார்த்தேன். இருநூறு, நூற்றுத் தொண்ணூற்றாறு ஆகியிருந்தது. எனக்கு இரண்டாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை, ஆனாலும் பதினாலு நாளைக்குக் கணக்குப் போட விரல் போதும். நாளுக்குப் பன்னிரண்டு, மொத்தம் நூற்றறுபத்தெட்டு.

ஹெர்மீனியா ஒரு நாளும் இளைத்து நான் பார்த்ததில்லை. நம் வீட்டு மூன்று மாடியையும் சட்டியோடு ஏறி வருகிறவள். நான் ஜன்னலில் நிற்பதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஒரு தடவை, “எதுக்கண்ணி வீணாக்குறீங்க” என்றுகூடக் கேட்டாள், கடைக்காரனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று வாயை அடைத்தேன். நீ பயிற்சிக்குப் போகும்போது எழுதிக்கொடுத்த காப்பாளர் காகிதத்தில் இருப்பது என் பெயர் மட்டும். அன்றைக்கு உண்மை வெளிவந்திருந்தால் யாரெலிஸ் முன்பின் தெரியாத வீட்டில் தூங்கியிருப்பாள். ஹெர்மீனியா அதை யோசித்திருக்கிறாள்.

நேற்றிலிருந்து ஃபோன் போடுகிறேன், எடுக்கவில்லை. பிள்ளை காலையில் இரண்டு தடவை, “ஹெர்மி பாட்டி எங்க?” என்று கேட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மிஸ் லொம்பார்தி வீட்டுக்கு வருகிறாள். அவளிடம் உள்ளதைச் சொல்லப் போகிறேன். நோட்டு முழுக்க எழுதிக்கொள்ளட்டும். என்னிடமிருந்து பிள்ளையை எடுப்பார்களா என்று தெரியவில்லை. இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உன்னை எட்டாது. ஆனாலும் படித்த உடனே உன் மேலதிகாரியிடம் போ, அழுதாவது கேள். காப்பாளர் காகிதத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரைச் சேர்க்க என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய். எனக்கு முந்தி அந்தப் பெயரைப் போட்டாலும் எனக்குச் சம்மதம்.

பயிற்சியை விட்டுவிட்டு ஓடி வந்துவிடாதே. ஒழுங்காகச் சாப்பிடு. யாரெலிஸ் உனக்கு முத்தம் அனுப்புகிறாள், கடிதத்தில் எண்ணெய்க் கை பட்ட இடம் அதுதான். கடவுளும் கன்னிமாதாவும் உன் கூடவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
புரொவிதென்சியா

பின்குறிப்பு: காகிதத்தில் சேர்க்க வேண்டிய பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் எழுது. என் குற்றத்தை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு, நான் திட்டத் திட்ட வாய் திறக்காமல் நின்றாளே, அதைச் சாகும்வரை நான் மன்னிக்கப் போவதில்லை. ஹெர்மீனியா ரொசாடோ.