பற்றவைக்காத அடுப்பு

பாப்பு,

இன்று பணியாரம் சுடலாமென்று ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். மண்ணெண்ணெய் வாசம் எழுந்ததும் உன் சிரிப்புதான் ஞாபகம் வந்தது. நீ போனபிறகு இந்த வாசத்துக்கு நான் அழாமல் இருந்தது இன்றுதான். ஏனென்று சொல்கிறேன், கேள்.

மற்ற டியூஷன்களில் இங்கிலீஷ் கட்டுரையை மனப்பாடம் செய்யவைத்து, அதையே திரும்பத் திரும்ப எழுதச் சொல்வார்கள். நம் முன்னறையில் நீ நடத்தியது வேறு மாதிரி. "சாப்பாடு ஆக்கறது எப்படின்னு இங்கிலீசுல எழுதுங்க. எங்கம்மா அதும்படியே ஆக்குவாங்க" என்பாய். பிள்ளைகள் எழுதியதை வரி வரியாக எனக்குத் தமிழில் சொல்வாய். எழுதாத எதையும் நான் செய்யக்கூடாது. ஐந்தாவதோடு நின்ற எனக்கு உன் வகுப்பில் அதுதான் வேலை.

தையல்காரர் மகள் நஸீமா எழுதிய அன்று அரிசிம்பருப்பு சாதம். அரிசியைக் களைந்தேன், பருப்பைப் போட்டேன், தண்ணீர் ஊற்றி ஸ்டவ்வில் வைத்தேன். பிறகு சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங்கத்தை, பத்தவெக்கலீங்களா?" என்றாள் நஸீமா.

"நீ எழுதலியே கண்ணு."

"அதுகூடவா உங்களுக்குத் தெரியாது?"

"அவங்களுக்குத் தெரியும். உன்ற பேப்பருக்குத் தெரியலியே" என்றாய் நீ. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ சிவப்பு மையைத் தொடவேயில்லை. அவளே திருத்தி எழுதினாள்.

அவளைக் கூட்டிப்போக வந்த அவள் அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவதில் இங்கிலீஷில் ஏற்கெனவே தவறியவள் அவள்.

"ஏனுங் டீச்சரம்மா, சமையல் அவங்கம்மா சொல்லித்தருவா. இங்கிலீசுக்குத்தான் இங்க அனுப்புனேன். இந்தத் தடவையும் போச்சுன்னா படிப்பை நிறுத்திப்போட்டு நிக்கா பண்ணி வெச்சிருவேனுங்க."

"நிறுத்தாதீங்க. அவ எழுதிப்போடுவாளுங்க" என்று சிரித்தாய்.

தை மாதம் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. பங்குனியில் அவளுக்குப் பரீட்சை. அவள் தவறினால் அவள் படிப்பும் போகும், உன் பேரும் கெடும். அந்தப் பயத்தில் அவள் அப்பாவின் தையல் கடை வழியே போகாமல் சந்துக்குள் சுற்றி மார்க்கெட்டுக்குப் போனேன். உனக்காக அழும்போதுகூட இந்தப் பயமும் கூடவே உட்கார்ந்திருந்தது.

இன்று மத்தியானம் அப்பாவும் மகளும் வந்தார்கள். "பாஸாயிட்டாளுங்கம்மா. மேல படிக்க வெக்கறேனுங்க" என்றவர், உன் படத்தைப் பார்த்ததும் வாசலுக்குப் போய்விட்டார்.

பரீட்சையில், பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வழி சொல்லிக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தார்களாம். "மனசுக்குள்ள உங்களை உக்கடம் பஸ் ஸ்டாண்டுல எறக்கிவிட்டுட்டு எழுதுனேனுங்கத்தை" என்றாள்.

"பொறந்ததுல இருந்து இந்த ஊர்ல கெடக்கற என்னையா?"

"உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சு எழுதோணும்னு அக்காதானுங்களே சொன்னாங்க!"

எத்தனை மாதம் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன், பாப்பு. நெஞ்சில் இருந்த கல்லை யாரோ எடுத்து வெளியே வைத்த மாதிரி இருந்தது. நீ போன வருத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது இருக்கட்டும், அது என்னுடையது.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. அவள் எழுதிவிடுவாளென்று அன்று அவள் அப்பாவிடம் அவ்வளவு தைரியமாகச் சொன்னாயே, உனக்கு நிசமாகவே தெரியுமா? இல்லை, உள்ளுக்குள் நீயும் என்னை மாதிரிப் பயந்துகொண்டுதான் இருந்தாயா, கண்ணு?